“ஓனர்ஷிப் போதவில்லை” என்று மட்டும் சொன்னால்? தகுதிகாண் காலப் பயிற்சிச் சேவை ஒன்றின் மதிப்புரை

புதிய வேலையில் சேர்ந்து தகுதிகாண் காலத்தில் இருப்பவர்களுக்கென்றே இணையவழியில் நடத்தப்படும் தனிநபர் பயிற்சிச் சேவை ஒன்றைப் பற்றிய மதிப்புரை இது. மூன்று காணொளி அமர்வுகள், அவற்றுக்கு இடையில் எழுத்துவழி ஆலோசனை, நிரப்ப வேண்டிய ஒரு பணித்தாள், மேலாளரிடம் பேசுவதற்கான மாதிரி வாக்கியங்கள் அடங்கிய ஒரு கையேடு ஆகியவற்றை ஒரே தொகுப்பாகத் தருகிறார்கள். ஏறத்தாழ இதே வடிவத்தில் இப்போது பல நிறுவனங்கள் சேவை வழங்குவதால், பெயரைக் காட்டிலும் வடிவத்தை எடைபோடுவதே வாசகருக்குப் பயன்படும் என்று கருதி நிறுவனத்தின் பெயரை விட்டுவிடுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தத் தொகுப்பில் கொடுத்த பணத்துக்கு ஈடானது பணித்தாளும், அதை ஒட்டி நடந்த இரண்டாம் அமர்வும்தான். மாதிரி வாக்கியக் கையேட்டை ஒதுக்கிவிடலாம். தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்கு எல்லாவற்றையும்விட அவசியமான ஒரு கேள்விக்கு, அதாவது எடுத்துக்காட்டு எதுவும் சொல்லாமல் மேலாளர் பொதுப்படையாகக் குறை கூறும் மழுப்பல் கவனக்குறைவால் வருகிறதா, முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டதால் வருகிறதா என்ற கேள்விக்கு, இந்தச் சேவை பதில் சொல்லாமல் நழுவிவிடுகிறது.

“இன்னும் கொஞ்சம் ஓனர்ஷிப் (வேலையைத் தனதாக ஏற்று நடத்தும் பொறுப்புணர்வு) எடுத்துக்கொள்ள வேண்டும்”, “உங்கள் வேகம் போதவில்லை”, “டீமோடு இன்னும் ஒட்டவில்லை”, “நாங்கள் எதிர்பார்த்த நிலைக்கு நீங்கள் வரவில்லை” என்று, எங்கே, எப்போது, எந்த வேலையில் என்பது எதையும் சொல்லாமல் பட்டும் படாமலும் வரும் விமர்சனங்களை எதிர்கொள்வதற்காகவே இந்தச் சேவை வடிவமைக்கப்பட்டிருக்கிறது. பல ஆண்டுகளாக ஒரே இடத்தில் பணிபுரிபவர் இப்படி ஒன்றைக் கேட்டால், சென்ற ஆண்டின் மதிப்பீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கவோ, பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் “இவர் என்னதான் சொல்ல வருகிறார்?” என்று விசாரிக்கவோ அவருக்கு வழியிருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவருக்கு அந்த இரண்டும் இல்லை. தலையாட்டினால் குறையை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். எதிர்க்கேள்வி கேட்டால் விமர்சனத்தைத் தாங்கும் பக்குவம் இல்லாதவர் என்று பெயர் வந்துவிடும். பணி நிரந்தரம் பற்றிய முடிவுக்குத் தேதி குறிக்கப்பட்டிருப்பதால், போகப்போகப் புரியும் என்று விட்டுவைக்கவும் முடியாது. சேவையின் அறிமுகப் பக்கம் இந்த நெருக்கடியைச் சரியாகவே விளக்கியிருந்தது. நான் பதிவுசெய்ததற்கும் அதுவே காரணம்.

அந்த எதிர்பார்ப்போடு போனால் முதல் அமர்வு ஏமாற்றமே அளிக்கும். அமர்வுக்கு முன்பே ஆளுமை வகையைக் கண்டறியும் நீண்ட வினாப்பட்டியல் ஒன்றை நிரப்பித் தர வேண்டும். அமர்வின் பெரும்பகுதி அதன் முடிவுகளை விளக்குவதிலும், தன்னம்பிக்கையை எப்படிக் காத்துக்கொள்வது, விமர்சனம் என்பது ஒரு பரிசு என்று எப்படி எடுத்துக்கொள்வது என்பவற்றிலும் கழிந்துவிடுகிறது. பின்னூட்டம் எதுவாக இருந்தாலும் அது வளர்ச்சிக்கு உதவும் என்ற பாணியில் கையேட்டின் முதல் பக்கமே தொடங்குகிறது. இதை ஆராய்ச்சி அப்படியே ஏற்கவில்லை. ஆய்வாளர்கள் அவ்ராம் க்ளூகரும் ஏஞ்சலோ டெனிசியும் 1996-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, பல ஆய்வுகளிலிருந்து பின்னூட்டத்தின் தாக்கத்தைக் காட்டும் 607 விளைவு அளவீடுகளைத் திரட்டிப் பார்த்தது. சராசரியாகப் பார்க்கும்போது பின்னூட்டம் செயல்திறனை உயர்த்தியது உண்மைதான். ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் அது செயல்திறனைக் குறைத்திருந்தது. பின்னூட்டம் ஒருவரின் கவனத்தைக் கையிலிருக்கும் வேலையிலிருந்து விலக்கி, தன்னைப் பற்றிய எண்ணத்தின் பக்கம் திருப்பும்போது அதன் பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். மழுப்பலான விமர்சனம் செய்வதும் அதைத்தான்: வேலையில் எந்த இடம் என்று காட்டாததால், கேட்டவர் இரவெல்லாம் தன்னையே குடைந்துகொண்டிருக்கிறார். அப்படிப்பட்டவரை அழைத்து உட்கார வைத்து அவருடைய ஆளுமை வகையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவது, புண்ணுக்கு மருந்து கேட்டு வந்தவருக்குக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்புவதற்குச் சமம்.

பணித்தாள் அதற்கு நேர்மாறானது. பார்ப்பதற்கு நான்கு பத்திகள் (நெடுவரிசைகள்) கொண்ட சாதாரண அட்டவணைதான். முதல் பத்தியில் மேலாளர் சொன்னதை, நினைவில் உள்ளபடி, அவருடைய சொற்களிலேயே எழுத வேண்டும். நம் விளக்கத்தைச் சேர்க்கக் கூடாது. இரண்டாம் பத்தியில் அந்தக் கருத்து எந்த வேலையைத் தொட்டிருக்கக்கூடும் என்று நமக்குத் தோன்றும், கோப்பாகவோ மின்னஞ்சலாகவோ கூட்டக் குறிப்பாகவோ எடுத்துக் காட்டக்கூடிய ஒன்றைக் குறிப்பிட வேண்டும். மூன்றாம் பத்தி, அந்த வேலையால் மேலாளருக்கோ வேறு யாருக்கோ என்ன நேர்ந்தது என்பதற்கானது. நான்காவது, அடுத்த முறை அதே வேலையில் என்ன மாறும் என்பதற்கானது. சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் என்ற பயிற்சி அமைப்பு உருவாக்கிய சூழல், செயல், விளைவு என்ற முறை மேலாண்மைப் பயிற்சிகளில் பரவலாகக் கற்பிக்கப்படுகிறது. அது பின்னூட்டம் தருபவருக்கான முறை: எந்தச் சூழலில், என்ன செய்தீர்கள், அதனால் என்ன விளைந்தது என்று தருபவரே சொல்ல வேண்டும். அவர் சொல்லாமல் விட்ட கட்டங்களைப் பெறுபவரின் கையில் கொடுத்து, காலியாக உள்ள இடங்களை நிரப்பித் தரும்படி மேலாளரையே கேட்க வைப்பதுதான் இந்தப் பணித்தாளின் சூட்சுமம்.

எனக்கு வந்த கருத்து ஓனர்ஷிப் பற்றியது. வாடிக்கையாளர் புகார்களைத் தொகுத்து வாரந்தோறும் ஓர் அறிக்கை அனுப்புவது என் வேலையின் முக்கியப் பகுதி. பணித்தாளின் முதல் பத்தியில் “ஓனர்ஷிப் இன்னும் வேண்டும், மற்றபடி நன்றாகத்தான் போகிறது” என்று எழுதினேன். இரண்டாம் பத்தியில் எழுத எதுவும் தோன்றவில்லை. பயிற்சியாளர் அதைப் பார்த்துவிட்டு, காலியாக விடுவதைவிட ஒரு யூகத்தையாவது எழுதுவது மேல் என்றார். யூகம் தவறாக இருந்தால் மேலாளர் திருத்துவார், காலியாக இருந்தால் அவர் மீண்டும் பொதுப்படையாகவே பேசுவார் என்பது அவர் வாதம். ஆகவே கடைசியாக அனுப்பிய அறிக்கையையே அங்கே குறிப்பிட்டு, அதைத் திரையில் திறந்துவைத்துக்கொண்டு, “ஓனர்ஷிப் பற்றிச் சொன்னீர்கள். இந்த அறிக்கையில் அது எந்த இடத்தில் குறைகிறது என்று காட்ட முடியுமா?” என்று மேலாளரிடம் கேட்டேன். அவர் முதல் பக்கத்தை வேகமாகக் கடந்து இரண்டாம் பக்கத்தின் நடுவில் நிறுத்தினார். ஒரே வகைப் புகார் திரும்பத் திரும்ப வருவதைத் தடுக்க மூன்று வழிகளை அங்கே வரிசையாக எழுதியிருந்தேன். “மூன்றையும் எழுதியிருக்கிறீர்கள். இதில் எதைச் செய்யலாம் என்று உங்களுக்குத் தோன்றுகிறது என்பதைச் சொல்லவே இல்லையே. தேர்வு செய்யும் வேலை என்னிடம் வந்து விழுகிறது” என்றார். ஓனர்ஷிப் என்று அவர் சொன்னது அவ்வளவுதான். முந்தைய வேலையிடத்தில் பரிந்துரை செய்வது மேலதிகாரியின் உரிமை. வழிகளைப் பட்டியலிடுவதோடு நம் கடமை முடிந்தது. இங்கே வழக்கம் வேறு என்பதை யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.

மேலாளரே அந்தக் கணம் வரை இதை இவ்வளவு துல்லியமாக யோசித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. பொதுவாக மழுப்பலான விமர்சனத்தைப் பற்றிப் பேசுபவர்கள், எதிரில் இருப்பவர் உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு மறைக்கிறார் என்று எண்ணிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அவரிடம் இருப்பது ஒரு மனக்குறை மட்டுமே. அதற்குக் காரணமான இடத்தை அவர் தேடிப் பார்த்திருக்க மாட்டார். “எடுத்துக்காட்டு சொல்லுங்கள்” என்று வெறுங்கையோடு போய்க் கேட்டால் அந்தத் தேடும் வேலை அவர் தலையில் விழுகிறது. அவசரத்தில் அவர் வாய்க்கு வந்த ஒன்றைச் சொல்வார், அல்லது “ஓவராலாகச் சொன்னேன்” என்று முடித்துவிடுவார். கையில் ஒரு கோப்போடு போனால் அவருக்குத் தேட வேண்டியதில்லை, சுட்டிக்காட்டினால் போதும். இந்த ஒரு வித்தியாசத்தைக் கற்றுக்கொடுத்ததற்காகவே இந்தச் சேவையை நான் பாராட்டுவேன்.

மாதிரி வாக்கியக் கையேட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. “தங்களின் மேலான பின்னூட்டத்துக்கு உளமார்ந்த நன்றி, என் வளர்ச்சிப் பயணத்தில் தங்கள் எதிர்பார்ப்புகளை இன்னும் ஆழமாகப் புரிந்துகொள்ள விழைகிறேன்” என்ற பாணியில் பக்கம் பக்கமாக இருக்கிறது. இதை எந்த மேலாளரிடம் சொன்னாலும், இவர் எங்கோ படித்துவிட்டு வந்து ஒப்பிக்கிறார் என்பது அடுத்த நொடியே தெரிந்துவிடும். கையேட்டில் பயன்படக்கூடிய ஒரே குறிப்பு நேரத்தைப் பற்றியது: விமர்சனம் வந்த அந்தக் கணத்திலேயே விளக்கம் கேட்க வேண்டாம், “குறித்துக்கொண்டேன், இதை என் வேலையோடு பொருத்திப் பார்த்துவிட்டு நாளை ஒரு கால் மணி நேரம் பேசலாமா?” என்று கேட்டு விலகிவிடுங்கள் என்கிறது. அந்தக் கணத்தில் கேட்கப்படும் எந்தக் கேள்வியும், குரல் எவ்வளவு பணிவாக இருந்தாலும், சாக்குப்போக்காகவே மேலாளர் காதில் விழும் என்பது உண்மைதான்.

இரண்டாம் அமர்வில் பயிற்சியாளர் மேலாளராக நடித்து ஒத்திகை பார்த்தார். அவர் நடிப்பு மிகையாக இருந்தது. நிஜ மேலாளர்கள் அவ்வளவு கடுமையாகப் பேசுவதில்லை, பேசினால் பிரச்சினையே பாதியாகிவிடும். ஆனால் ஒத்திகைக்குப் பின் நாங்கள் சேர்ந்து எழுதிய மின்னஞ்சல் பயனுள்ளதாக இருந்தது. உரையாடல் முடிந்ததும் பேசியதைச் சுருக்கி அனுப்ப வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எப்படி எழுத வேண்டும் என்பதில்தான் தடுமாற்றம். நான் வரைந்திருந்த முதல் வடிவத்தில் “எனக்கு இதற்கு முன் எந்த எடுத்துக்காட்டும் வழங்கப்படவில்லை என்பதைப் பதிவுசெய்ய விரும்புகிறேன்” என்றொரு வரி இருந்தது. பயிற்சியாளர் அதை அடித்துவிட்டார். அந்த வரி இருந்தால் மின்னஞ்சல் வழக்குக்கான முன்னேற்பாடாகிவிடும், மேலாளர் பதில் எழுதும் முன் மனிதவளத் துறையைக் கலந்துகொள்வார், அதன்பின் நேரடிப் பேச்சு நின்றுவிடும் என்றார். இறுதி வடிவம் ஐந்தே வரிகள்: இன்று பேசியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது, அடுத்த அறிக்கையிலிருந்து ஒவ்வொரு பிரச்சினைக்கும் என் பரிந்துரையை முதல் பத்தியிலேயே தருகிறேன், அடுத்த இரண்டு அறிக்கைகளுக்குப் பின் இது நீங்கள் எதிர்பார்த்தபடி இருக்கிறதா என்று கேட்கிறேன், நான் புரிந்துகொண்டதில் பிழை இருந்தால் திருத்துங்கள். நாளும் பொருளும் குறித்த ஒரு பதிவு கையில் இருக்கிறது. ஆனால் பதிவுக்காக எழுதியது போல் இல்லை. இந்தத் திருத்தம் ஒன்றுக்காக எழுத்துவழி ஆலோசனைப் பகுதிக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம்.

சக ஊழியர்களிடம் கருத்துக் கேட்டுத் திரட்டுங்கள் என்று மூன்றாம் அமர்வில் தந்த யோசனையை நான் ஏற்கவில்லை. ஒரு மேலாளரின் பார்வை ஒருதலையாக இருக்கலாம், பலரிடம் கேட்டால் உண்மை தெரியும் என்பது அதன் அடிப்படை. முதல் பாதி சரி. ஸ்டீவன் ஸ்கல்லன், மைக்கேல் மவுண்ட், மேனார்ட் கோஃப் ஆகியோர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், 4,492 மேலாளர்கள் தம் மேலதிகாரிகளிடமும் சகாக்களிடமும் கீழ் பணிபுரிபவர்களிடமும் பெற்ற மதிப்பெண்களைப் பகுத்துப் பார்த்தார்கள். மதிப்பெண் வேறுபாட்டில், இரண்டு தரவுத் தொகுதிகளில் ஒன்றில் 62 விழுக்காட்டுக்கும் மற்றதில் 53 விழுக்காட்டுக்கும் காரணமாக இருந்தது மதிப்பிட்டவரின் தனிப்பட்ட போக்கு. மதிப்பிடப்பட்டவரின் திறன் அதற்கு அடுத்த இடத்தில்தான் வந்தது. இதைப் படித்துவிட்டு, “அப்படியானால் குறை என்னிடம் இல்லை” என்று ஆறுதல் அடையலாம். ஆனால் தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்கு இந்த எண்கள் சொல்லும் செய்தி வேறு. அளவுகோல் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்றால், கையெழுத்துப் போடப்போகும் ஒருவரின் அளவுகோலைத் தெரிந்துகொள்வதே முதல் வேலை. அதை முகத்துதி என்று சிலர் இளக்காரமாகப் பேசுவார்கள். அவர்கள் பெரும்பாலும் பணி நிரந்தரம் ஆனவர்கள். சகாக்களின் நற்சொற்களைத் திரட்டிக்கொண்டு போய் மேலாளர் முன் வைப்பது, உங்கள் கருத்துக்கு எதிராக ஆள் திரட்டியிருக்கிறேன் என்பதாகவே படும். சகாக்களிடம் கேட்க வேண்டியது நம்மைப் பற்றி அல்ல, “இவருக்கு அனுப்பும் அறிக்கையை நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள், ஒன்றைப் பார்க்கத் தருவீர்களா?” என்பதுதான்.

இலக்கு நிர்ணயிக்கும் பகுதியும் பாதி நன்று, பாதி இயந்திரத்தனம். பொதுப்படையான “முன்னேற வேண்டும்” என்பதைக் குறிப்பான இலக்காக மாற்ற வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. “முடிந்தவரை நன்றாகச் செய்யுங்கள்” என்பதைக் காட்டிலும் குறிப்பான, சற்றே கடினமான இலக்குகள் சிறந்த பலன் தருகின்றன என்பதை எட்வின் லாக்கும் கேரி லேதமும் பல்லாண்டு ஆய்வுகளால் நிறுவியிருக்கிறார்கள். இந்தச் சேவை அதற்கு, இலக்கு குறிப்பானதா, அளவிடக்கூடியதா, காலவரம்பு உள்ளதா என்பன போன்ற ஐந்து கேள்விகளின் ஆங்கில முதலெழுத்துகளால் ஆன ஸ்மார்ட் என்ற முறையைப் பயன்படுத்துகிறது. ஐந்து கட்டங்களையும் நிரப்பினால்தான் படிவத்தைச் சேமிக்கவே முடியும். அந்த முறையை 1981-இல் எழுதிய ஜார்ஜ் டோரன், எல்லா இலக்குகளுக்கும் ஐந்தும் பொருந்த வேண்டும் என்று சொல்லவில்லை. அதைவிட முக்கியமானது, அவர் எழுதிய ஐந்தில் ஒன்று அந்த வேலையை யார் செய்வது என்பது. பின்னாளில் அந்த இடத்தில் எட்டக்கூடியதா என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது; இந்தப் படிவத்திலும் அதுவே இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவருக்கு விடுபட்டுப்போன அந்தப் பழைய கேள்விதான் உயிர்நாடி. அவருடைய வேகம் போதவில்லை என்ற விமர்சனத்தில் பெரும்பகுதி, தரவுகளைப் பார்க்கும் அனுமதி வேறொரு துறையிலிருந்து வரக் காத்திருந்த நாள்களாகவும், ஒப்புதலுக்காக அனுப்பிய கோப்பு இன்னொருவர் மேசையில் கிடந்த நாள்களாகவும் இருக்கும். எந்தப் பகுதி என்னுடையது, எந்தப் பகுதி யாருடைய கையில் இருக்கிறது என்று இலக்கை எழுதும்போதே பிரித்துவிட்டால், பின்னால் அதைச் சொல்லும்போது புலம்பலாகத் தோன்றாது. படிவத்தின் குறிப்புப் பெட்டியில் இதை நானாகவே எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது.

இனி இந்தச் சேவையின் பெரிய குறைக்கு வருகிறேன். எல்லா மழுப்பலையும் இது தொடர்பாடல் சிக்கலாக மட்டுமே பார்க்கிறது. சரியாகக் கேட்டால் சரியான பதில் கிடைக்கும் என்ற நம்பிக்கையின் மேல் எல்லாப் படிகளும் அடுக்கப்பட்டிருக்கின்றன. கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்டபோது, “இன்னும் திறந்த மனத்தோடு கேட்டுப் பாருங்கள்” என்றார் பயிற்சியாளர். ஆட்குறைப்பு முடிவாகியிருக்கலாம், அந்தப் பதவிக்கு வேறொருவர் பேசப்பட்டிருக்கலாம், சேர்த்தவர் ஒருவர், இப்போது மதிப்பிடுபவர் வேறொருவர் என்று ஆகியிருக்கலாம். அப்போது எடுத்துக்காட்டு வராது. ஏனென்றால் காரணம் வேலையில் இல்லை. இதைக் கண்டுகொள்ளச் சில அறிகுறிகள் உண்டு. கோப்பைத் திறந்துவைத்துக் கேட்டும் ஒரு வரியைக்கூடச் சுட்டிக்காட்டாமல் பேச்சை மாற்றுவது, திருத்திக்கொண்ட குறையைக் குறிப்பிடாமல் ஒவ்வொரு முறையும் புதிய பெயரில் வேறொரு குறையைக் கொண்டுவருவது, வாராந்தரத் தனிச் சந்திப்புகள் காரணமின்றி ரத்தாவது, அடுத்த காலாண்டுக்கான வேலைப் பங்கீட்டில் உங்கள் பெயர் இல்லாமல் போவது ஆகியவை அவற்றுள் சில. தனியாக ஒன்றைப் பார்த்தால் எதுவும் நிரூபணமாகாது. மேலாளர் வெறுமனே வேலைப்பளுவில் திணறிக்கொண்டிருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால், பின்னூட்டத்தை மெருகேற்றும் முயற்சியைக் குறைத்துக்கொண்டு வேறு வேலை தேடும் முயற்சியைத் தொடங்குவதே விவேகம். இந்த அறிவுரையைத் தரத் துணியாத பயிற்சிச் சேவை, வாடிக்கையாளரைப் பாதிவழியில் நிறுத்திவிடுகிறது.

சட்டம் எங்கள் துறை அல்ல என்று முதல் அமர்விலேயே சொல்லிவிடுகிறார்கள். அது நேர்மையான நிலைப்பாடுதான். ஆனாலும் நியமன ஆணையை ஒருமுறை எடுத்துப் படியுங்கள் என்று சொல்வதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. தகுதிகாண் காலம் எந்தத் தேதியில் முடிகிறது, நிறுவனம் அதை நீட்டிக்க முடியுமா, நீட்டிப்பதாக இருந்தால் எழுத்தில் அறிவிக்க வேண்டுமா, தேதி கடந்தபின் எந்தக் கடிதமும் வராவிட்டால் பணி நிரந்தரமாகிவிட்டதாகப் பொருளா, முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு என்ற விவரங்கள் அதில் இருக்கும், அல்லது இல்லாமல் இருப்பது தெரியவரும். இந்த விவரங்கள் தெரியாமல், எவ்வளவு அவகாசத்துக்குள் முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும் என்று திட்டமிடவே முடியாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1982-இல் ஏற்றுக்கொண்ட 166-ஆம் எண் பரிந்துரை, திறன் குறைவைக் காரணம் காட்டி ஒருவரை நீக்குவதற்கு முன் உரிய அறிவுறுத்தலும் எழுத்துமூல எச்சரிக்கையும் தந்து, திருந்துவதற்கு நியாயமான கால அவகாசமும் அளிக்க வேண்டும் என்கிறது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அதே ஆண்டின் 158-ஆம் எண் உடன்படிக்கையும் இந்தப் பரிந்துரையும், முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட நியாயமான அளவுள்ள தகுதிகாண் காலத்தில் இருப்பவர்களை இந்தப் பாதுகாப்புகளிலிருந்து விலக்கி வைக்க நாடுகளுக்கு இடமளிக்கின்றன. பணி நிரந்தரமானவருக்குக் கிடைக்கும் அவகாசம் தமக்கும் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு, மழுப்பலான எச்சரிக்கையை அலட்சியமாக விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. உள்ளூர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தொழிலாளர் சட்டம் தெரிந்தவரிடம்தான் கேட்க வேண்டும். அப்படிக் கேளுங்கள் என்று சொல்லவாவது கையேட்டில் ஒரு வரி இருந்திருக்கலாம்.

தகவல் பாதுகாப்பைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. பணித்தாளின் இணையப் படிவத்தில் மேலாளரின் மின்னஞ்சலை அப்படியே ஒட்டுவதற்கும், சம்பந்தப்பட்ட கோப்பைப் பதிவேற்றுவதற்கும் இடம் வைத்திருக்கிறார்கள். நியமன ஆணையோடு கையெழுத்திட்ட ரகசியக்காப்பு உறுதிமொழியை நினைவில் கொண்டவர் யாரும் அந்தப் பொத்தானை அழுத்த மாட்டார். மழுப்பலான ஒரு குறையைத் தெளிவுபடுத்தப் போய், தெளிவான ஒரு விதிமீறலை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டாம். வாடிக்கையாளர் பெயரும் எண்களும் இல்லாமல், அறிக்கையின் அமைப்பை மட்டும் என் சொற்களில் விவரித்தேன்; பயிற்சியாளருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அலுவலகக் கணினியிலிருந்தோ அலுவலக மின்னஞ்சல் முகவரியிலிருந்தோ இந்தச் சேவையில் பதிவுசெய்யாமல் இருப்பதும் நல்லது. மேலாளருடனான உரையாடலை ஒலிப்பதிவு செய்து அனுப்பினால் ஆராய்ந்து தருகிறோம் என்ற கூடுதல் வசதியைத் தொடவே வேண்டாம். அனுமதியின்றிப் பதிவுசெய்வது பல இடங்களில் குற்றம், குற்றமில்லாத இடத்திலும் நம்பிக்கையைக் கெடுக்கும்.

பயிற்சியாளர்களின் தரம் சீராக இல்லை என்பதை அறிமுகக் குறிப்புகளைப் படித்தாலே உணரலாம். சிலர் ஊக்கமூட்டும் பேச்சிலிருந்து வந்தவர்கள். சிலர் குழுக்களை நிர்வகித்து, தகுதிகாண் காலத்தில் இருந்தவர்களை நிரந்தரமாக்கியும் நிராகரித்தும் முடிவெடுத்தவர்கள். எனக்கு முதல் அமர்வில் வாய்த்தவர் முதல் வகை. மாற்றித் தரும்படி கேட்டதும் மறுப்பில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டாமவர் மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்தவர் என்பது மின்னஞ்சலில் அவர் அடித்த அந்த ஒரு வரியிலேயே தெரிந்தது. எழுத்துவழிக் கேள்விகளுக்கு இரண்டு வேலை நாள்களுக்குள் பதில் என்பது அவர்கள் வாக்குறுதி, அதைக் காப்பாற்றவும் செய்கிறார்கள். ஆனால் “நாளை காலை பேசலாம்” என்று மேலாளர் சொல்லிவிட்டுப் போன மாலையில் அந்த வேகம் பயன்படாது. ஒவ்வோர் அமர்வின் முடிவிலும் தலைமைப்பண்புப் பயிற்சித் தொகுப்பை வாங்கச் சொல்லி வரும் விளம்பரம், வேலையே நிலைக்குமா என்று கலங்கிக்கொண்டிருப்பவரிடம் காட்டப்படுவதால் சற்று விரசமாகப் படுகிறது.

விமர்சனம் ஏற்கெனவே குறிப்பாக வந்திருந்தால் இந்தச் சேவை தேவையில்லை. குறையைச் சரிசெய்துவிட்டுப் போகலாம். தகுதிகாண் காலத்தின் கடைசி வாரத்தில் இருப்பவருக்கும் இதனால் பெரிய பயன் இராது. திருத்திக்கொண்டதைக் காட்டுவதற்கு இரண்டு மூன்று வேலைகளாவது நடந்து முடிய வேண்டும். முதல் மழுப்பல் காதில் விழுந்த உடனே வருபவருக்குத்தான் இது முழுப் பலனைத் தரும். முழுத் தொகுப்பையும் வாங்கத் தேவையில்லை: பணித்தாளையும் ஓர் அமர்வையும் தனியாகத் தருவார்களா என்று வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் கேட்டால் தருகிறார்கள், விலைப்பட்டியலில் அதை வெளியிடவில்லை அவ்வளவுதான். அப்படி வாங்கும்போது மக்களை நிர்வகித்த அனுபவம் உள்ள பயிற்சியாளரே வேண்டும் என்று பதிவிலேயே குறிப்பிட்டுவிடுங்கள். ஆளுமை வினாப்பட்டியலை நிரப்பாமல் தாண்டிச் செல்லும் பொத்தான் அந்தப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கிறது.